பட்டியலை விட்டு வெளியேறினால் காலனியை விட்டு வெளியேறிவிடுவோமா?

எங்கள் மாமா வீட்டுச் சுவரில் மூன்று படங்கள் மாட்டியிருக்கும். ஒன்று அண்ணல் அம்பேத்கர். இரண்டாவது தியாகி இமானுவேல் சேகரன். மூன்றாவது, நாளிதழில் வந்ததை வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்ட மருத்துவர் கிருஷ்ணசாமியின் படம். ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் தேங்காய் உரித்து உரித்தே முதுகு வளைந்தவர் மாமா. அவருக்கு அந்த மூன்றாவது படம் வெறும் கட்சித் தலைவரின் படமல்ல. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி வைத்து நிம்மதியாகச் சம்பாதித்திருக்க வேண்டிய ஒரு டாக்டர், நமக்காகத் தெருவில் இறங்கி வந்தார் என்பதற்கான சாட்சி.

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது மாமா கேட்டார்: "நம்ம டாக்டரையா எழுதற? ஏங்கண்ணு, எழுதறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?"

கிடைக்காமல் இல்லை. நம்மை மிதித்தவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம்மை எழுப்பியவர், எழுந்தவர்களை எந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போகிறார் என்பதை நாம்தான் எழுத வேண்டும். அந்தச் சமூகத்தில் பிறந்தவர்கள் எழுதாமல் இருந்தால், வெளியிலிருந்து எழுதப்படுவதை எல்லாம் சாதி வெறுப்பு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். அந்த வசதியை நான் யாருக்கும் தர விரும்பவில்லை.

டாக்டர் செய்தது

முதலில் கணக்கை நேர்மையாகப் போடுவோம்.

1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளம். ஜெயலலிதா ஆட்சியின் காவல்துறை நூற்றுக்கணக்கில் ஊருக்குள் புகுந்து வீடுகளை உடைத்தது, பொருட்களைச் சூறையாடியது, குடிதண்ணீர்க் கிணற்றைப் பாழாக்கியது. அந்த ஊர் செய்த குற்றம் என்ன? வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து, காரை வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்திருந்தது. குனிய மறுக்கும் பள்ளர் ஊர் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனை அது. அந்த அநீதியை நாடு முழுக்கப் பேச வைத்தவர்களில் முன்னால் நின்றவர் கிருஷ்ணசாமி. கொங்கு மண்ணைச் சேர்ந்த ஒரு மருத்துவரை 1996 தேர்தலில் ஒட்டப்பிடாரம் மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பியது அதற்காகத்தான். பெரிய கட்சிகள் எதன் தோளிலும் ஏறாமல் வென்ற வெற்றி அது.

பிறகு புதிய தமிழகம் பிறந்தது. பெயரைக் கவனியுங்கள். அதில் சாதி இல்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கலவரம் செய்தார்கள். கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் பேருந்திலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டது. தாழ்த்தப்பட்ட ஒருவரின் பெயர் பேருந்தின் நெற்றியில் இருப்பதைச் சகிக்க முடியாத மாநிலம் இது என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

அடுத்து மாஞ்சோலை. பாம்பே பர்மா கம்பெனியின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். போராடியவர்களைச் சிறையில் அடைத்தார்கள். சிறையிலிருந்தவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைக் காவல்துறை அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 உயிர்கள் போயின. பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையின் பக்கமே சாய்ந்தது. அந்த ஊர்வலத்தை நடத்திய தலைவர்களில் கிருஷ்ணசாமியும் ஒருவர்.

அப்போது எனக்கு ஆறு வயது. எங்கள் தலைக்கு மேலே இருக்கும் மலையில், வால்பாறைப் பக்கம், அதே பாம்பே பர்மா கம்பெனிக்கு முடீஸ் எஸ்டேட்டுகள் இருந்தன. அங்கே கொழுந்து பறித்த எங்கள் சொந்தக்காரப் பெண்கள் கீழே இறங்கி வந்தபோது வேறு எதையும் பேசவில்லை. "நம்ம கம்பெனிதான், நம்ம சனந்தான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். மாமா அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியது அந்த வாரத்தில்தான்.

இதையெல்லாம் மறந்துவிட்டு யாராவது கிருஷ்ணசாமியை வெறும் சந்தர்ப்பவாதி என்று எழுதினால் அது பொய். அன்று அவர் நோயைச் சரியாகப் பெயர் சொல்லி அழைத்தார். கூலி, நிலம், காவல்துறை, சாதி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று பேசினார். பள்ளர் மக்களின் போராட்டமாகத் தொடங்கியதை உழைக்கும் மக்களின் போராட்டமாக விரித்தார். மாஞ்சோலைத் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே சாதியல்ல என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

கூட்டணியின் கதை

2001-இல் புதிய தமிழகம் தி.மு.க. அணியில் சேர்ந்து பத்துத் தொகுதிகளில் நின்றது. தாமிரபரணியில் பிணங்கள் மிதந்தபோது ஆட்சியிலிருந்த கட்சி எது? தி.மு.க. இடைவெளி இரண்டே ஆண்டுகள். அந்த அணியில் பா.ஜ.க.வும் இருந்தது. ஓர் இடமும் கிடைக்கவில்லை.

2011-இல் அ.தி.மு.க. அணி. கொடியன்குளம் நடந்தபோது முதல்வராக இருந்தவர் யார்? அதே ஜெயலலிதா. இம்முறை ஒட்டப்பிடாரமும் நிலக்கோட்டையும் கிடைத்தன. ஆட்சி அமைந்து நான்கு மாதம்கூட முடியவில்லை. செப்டம்பர் 11, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு. ஆறு பேர் செத்தார்கள். எந்த அணியின் வெற்றிக்கு ஓட்டுக் கேட்டோமோ, அந்த அணியின் ஆட்சியில் நம் பிள்ளைகள் சுடப்பட்டார்கள்.

2014-இலும் 2016-இலும் மீண்டும் தி.மு.க. அணி. 2016-இல் ஒட்டப்பிடாரத்தில் 493 வாக்குகளில் தோல்வி. 2019-இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் பா.ம.க.வும் இருந்த அணி. 2024-இல் மீண்டும் அ.தி.மு.க.

"சின்னக் கட்சி வேறென்ன செய்யும்? விடுதலைச் சிறுத்தைகள் கூட்டணி வைக்கவில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கூட்டணி வைத்ததற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. நம் ஓட்டு சிதறிக் கிடக்கிறது, தனியாக நின்று வெல்ல முடியாது என்பது தேர்தல் முறையின் குற்றம். என் கேள்வி வேறு. ஒவ்வொரு முறையும் அந்த வாசலுக்குப் போனபோது கையில் எந்தக் கோரிக்கையைக் கொண்டுபோனோம்? கொடியன்குளத்துக்கு நீதி என்ற கோரிக்கை எங்கே போயிற்று? தாமிரபரணிக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை எந்தத் தேர்தலில் வைக்கப்பட்டது? பஞ்சமி நில மீட்பு எந்த உடன்பாட்டில் எழுதப்பட்டது? கோரிக்கை கூலியிலிருந்தும் நிலத்திலிருந்தும் விலகி, பெயருக்கு வந்து சேர்ந்தது. 2019 அணியில் ஒரே மேடைக்கு உரியவர்களாக இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். ஒருவர் கிருஷ்ணசாமி. இன்னொருவர் திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்து, 1980-இல் வன்னியர் சங்கமும் 1989-இல் பா.ம.க.வும் தொடங்கிய ராமதாஸ். 2012-இல் தருமபுரி நத்தம் காலனி எரிந்த பிறகு, தலித் அல்லாத சாதிகளை எல்லாம் ஒன்று திரட்டி ஊர் ஊராகக் கூட்டம் போட்டவர் அவர். நத்தம் காலனியின் சாம்பலைப் பற்றி அந்த அணிக்குள் ஒரு கேள்வியாவது எழுந்ததா?

பெயரும் பட்டியலும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒரே பெயரில் அழைக்க வேண்டும், பட்டியல் சாதிப் பிரிவிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளைக் கிருஷ்ணசாமி தொடர்ந்து வைத்து வருகிறார். முதல் கோரிக்கை 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சட்டமானது. அதற்கு முந்தைய மாதம் சென்னைக்கு வந்த பிரதமர் மோடி, தேவேந்திரர் என்ற பெயர் தன் நரேந்திரர் என்ற பெயரோடு ஒலியில் ஒத்துப்போகிறது என்று மகிழ்ந்து பேசினார். இரண்டாவது கோரிக்கை அப்படியே நிற்கிறது.

அவர் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்கிறேன். நாங்கள் மருத நிலத்து உழவர்கள். நெல்லும் நீரும் எங்கள் தொழில். ஆங்கிலேயர் போட்ட பட்டியல் எங்களைத் தவறாக ஓர் இடத்தில் அடைத்தது. அந்த முத்திரைதான் எங்களைக் கீழே பிடித்து இழுக்கிறது. சலுகை போனாலும் பரவாயில்லை, மரியாதை வேண்டும். இதுதான் வாதம்.

இந்த வாதத்தின் அடியில் ஒரு காயம் இருக்கிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். கல்லூரியில் உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வாசிக்கப்படும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும் அந்த நொடியை நானும் வாழ்ந்திருக்கிறேன். ஆனால் காயம் உண்மை என்பதற்காக மருந்தும் சரியாகிவிடாது. ஒரு மருத்துவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியல் எப்போது வந்தது? 1936-இல் ஆங்கிலேயர் ஆணையாக வந்தது. 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணையாக மீண்டும் வந்தது. தனிக் கிணறும் தனிச் சுடுகாடும் தனித் தெருவும் எப்போது வந்தன? 1936-க்கு முன்பு எங்கள் முப்பாட்டன் ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தினாரா? பட்டியலில் இருப்பதால் நம்மைத் தீண்டத்தகாதவராக நடத்தவில்லை. தீண்டத்தகாதவராக நடத்தியதால்தான் பட்டியலில் வைத்தார்கள். சுரமானியை உடைத்துப் போட்டால் காய்ச்சல் இறங்காது.

பெயரைப் பற்றி எங்கள் பகுதியில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டம் ஒன்றாக்கிய ஏழு பெயர்களில் ஒன்று 'பண்ணாடி'. கோவை வட்டாரத்தில் நம் உறவுகள் பலருக்குச் சான்றிதழில் அதுதான் பெயர். ஆனால் அதே கொங்கு நாட்டில் தோட்டத்துக்காரரைக் கூலிக்காரர் கூப்பிடும் சொல்லும் 'பண்ணாடி'தான். சான்றிதழில் பண்ணாடியாக இருந்த எங்கள் அப்புச்சி, வரப்பில் நின்று இன்னொருவரைப் "பண்ணாடீங்க" என்று அழைத்துத்தான் செத்தார். சொல் ஒன்றுதான். நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடம் அது மரியாதை ஆயிற்று. நிலம் இல்லாதவரிடம் அது சாதி ஆயிற்று. பெயரின் பொருளைத் தீர்மானிப்பது அகராதி அல்ல, பட்டா.

வேளாளர் என்ற பெயர் கொடுக்கப்பட்டபோது நடந்ததும் தெரியும். வேளாளர் சாதி அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. ஒரு சொல்லைக்கூடப் பங்கு போட மனம் வராதவர்கள், ஊர்க் கோயிலையும் சுடுகாட்டுப் பாதையையும் பங்கு போடுவார்களா? 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் ஊருக்கும் காலனிக்கும் இடையில் இருக்கும் அந்த ஐந்நூறு அடி தூரம் எந்த ஆவணத்திலும் இல்லை. அதை எப்படி நீக்குவது?

"நாடார்கள் மேலே வரவில்லையா? சாணார் என்ற பெயரை மாற்றித்தானே வந்தார்கள்?" என்று கேட்கும் இளைஞர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரலாற்றை முழுதாகப் படியுங்கள் தம்பிகளே. உறவின்முறை வைத்து, மகமை வசூலித்து, பேட்டை கட்டி, பள்ளிக்கூடம் திறந்து, 1921-இல் நாடார் வங்கியையே தொடங்கினார்கள். அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பொருளும் கல்வியும் கையில் வந்தபோது பெயரும் கூடவே வந்தது. நம்மிடம் பேட்டை எங்கே? வங்கி எங்கே? நெல் விளைவித்த பரம்பரை என்று மேடையில் பேசுகிறோம். சொந்தமாக ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் எங்கள் தெருவில் இரண்டு பேர்.

வெளியேறினால் என்ன போகும்?

மேடையில் 'சலுகை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். என்னென்ன என்று எண்ணிப் பார்ப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெரியப்பா மகன், பாக்கிக் கூலியைக் கேட்கப் போன இடத்தில் சாதி சொல்லித் திட்டப்பட்டு அடி வாங்கினான். காவல் நிலையத்தில் முதலில் சாதாரண அடிதடி என்றுதான் எழுதினார்கள். வழக்கறிஞர் தோழர் ஒருவர் சாதிச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு உயர் அதிகாரி வரை போன பிறகே வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் அடித்தவர் வீட்டிலிருந்து சமாதானம் பேச ஆள் வந்தது. அதுவரை எங்கள் தெருவுக்குள் வராத கார் அன்று வந்தது. 1989-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பட்டியலில் இருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். பட்டியலை விட்டு வெளியேறிய மறுநாள், அடிப்பவரின் கை அப்படியே இருக்கும். நம் கையில் இருந்த காகிதம் மட்டும் இருக்காது. பெயர் வேளாளர் என்பதற்காகக் கூலி பாக்கி வைத்தவர் எழுந்து நின்று வணங்கப் போவதில்லை.

மேற்படிப்பு உதவித்தொகை போகும். ஆதிதிராவிடர் நல விடுதி போகும். பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்ட நிதியில் உரிமை போகும். 18 சதவீதத்தை விட்டுவிட்டு, நம்மைவிட நிலமும் பணமும் கல்வியும் அதிகம் உள்ள சாதிகள் நிற்கும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் போகும். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். 39 மக்களவைத் தொகுதிகளில் 7. நான் வாக்களிக்கும் வால்பாறை தனித்தொகுதி. கிருஷ்ணசாமி இரண்டு முறை சட்டமன்றம் போனது ஒட்டப்பிடாரத்திலிருந்து. அது தனித்தொகுதி. 2014, 2019, 2024 என மூன்று முறை மக்களவைக்குக் கேட்டது தென்காசி. அதுவும் தனித்தொகுதி. பட்டியல் இழிவு என்றால், பட்டியல் தரும் தொகுதியில் வேட்புமனு போடுவது மட்டும் எப்படி இழிவு இல்லாமல் போயிற்று? பொதுத்தொகுதியில் ஒரு தேவேந்திரகுல வேளாளரை நிறுத்தி, ஆதிக்கச் சாதியினர் ஓட்டுப் போடுகிறார்களா என்று முதலில் பார்க்கட்டும். பட்டியல் வெளியேற்றத்துக்கு அதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

நமக்குக் கீழே யார்?

இனி எழுதப் போவதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி.

2009-இல் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. நீதியரசர் ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரையில் வந்த சட்டம் அது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், பட்டியலுக்குள் உட்பிரிவு செய்வது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்த உள் ஒதுக்கீட்டைக் கிருஷ்ணசாமி தொடர்ந்து எதிர்த்து வருகிறார்.

ஒரே மனிதர் பட்டியலை விட்டு எங்களை வெளியே விடுங்கள் என்கிறார். அதே மனிதர் பட்டியலுக்குள் அருந்ததியருக்கு ஏன் தனிப் பங்கு என்கிறார். வீட்டைக் காலி செய்யப் போகிறவர், பக்கத்து அறைக்காரருக்கு ஏன் சாவி கொடுத்தீர்கள் என்று வழக்காடலாமா?

அருந்ததியருக்கு 3 சதவீதத்தில் முதல் உரிமையும் உண்டு, மீதி 15-இலும் போட்டியிடலாம், இடம் குறைவாக இருக்கும்போது மற்றவர்களுக்கு வாய்ப்புப் போகிறது என்பது அவர்கள் தரப்புக் கவலை. அந்தக் கவலைக்குப் பதில் உண்டு. துறைவாரியாக யார் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிடச் சொல்வோம். நிரப்பாமல் கிடக்கும் பின்னடைவுப் பணியிடங்களை நிரப்பச் சொல்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். நமக்குக் கொடுப்பது 18. அந்த மீதி 2 சதவீதத்துக்காக எத்தனை மாநாடு போட்டோம்? மேலே இருப்பவர் எடுத்துக்கொண்ட இரண்டைக் கேட்கத் தைரியம் இல்லாமல், கீழே இருப்பவருக்குக் கிடைத்த மூன்றைப் பிடுங்கக் கிளம்புவதற்குப் பெயர் சுயமரியாதையா?

அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்றார். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மிதிக்க ஒரு தலை கீழே இருப்பதால்தான் இந்த ஏணி சாயாமல் நிற்கிறது. ஆனைமலையில் அதை நூலகத்தில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் தோட்ட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் பிணைக்கப்பட்டுக் கிடப்பவர்களில் பெரும்பகுதி அருந்ததியர். என் ஆய்வுக் காலத்தில் நண்பரான அருந்ததியர் தோழர் ஒருவர், தன் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். உள் ஒதுக்கீடு இல்லையென்றால் இப்போது நார் மில்லில் மட்டை அடித்துக்கொண்டிருப்பேன் என்று சொல்வார். ஒருநாள் நான் எங்கள் ஊர்த் தேநீர்க்கடையின் தனிக் குவளையைப் பற்றிக் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தேன். முழுதும் கேட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "சரிங் தோழர். உங்க தெருக் கெணத்துல எங்காளுக தண்ணி சேந்துனாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவில் எந்தத் திண்ணையிலும் அருந்ததியர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் மாரியம்மன் கோயிலுக்குள் அவர்கள் வந்ததில்லை. அதைத் தீண்டாமை என்று எங்களில் யாரும் சொன்னதுமில்லை. 'வழக்கம்' என்றோம். ஊர்க்காரர் நம்மைப் பார்த்துச் சொல்லும் அதே சொல். வேளாளர் என்ற பெயர் மேலே பார்த்து வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது. கீழே பார்த்து மன்னிப்புக் கேட்க அது கற்றுக்கொடுக்கவே கொடுக்காது.

இன்னொரு மருத்துவர்

தமிழ்நாட்டில் அரசியலுக்கு வந்த மருத்துவர்கள் நிறைய. நீதிக்கட்சியின் டி.எம். நாயரும் நடேசனாரும் மருத்துவர்களே. அவர்களுக்கு முன்பே சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் இருந்தார். அவரும் இந்தக் கேள்வியைத்தான் எடுத்தார்: அவர்கள் நமக்கு வைத்த பெயர் நம் பெயரல்ல, அப்படியானால் நாம் யார்? 1907-இல் தொடங்கிய தம் இதழில் அவர் தேடிய விடை, நாம் பூர்வ பௌத்தர் என்பது. சாதி ஏணியில் இன்னும் ஒரு படி மேலே இடம் கேட்கவில்லை. ஏணியைச் செய்த தச்சனையே கேள்வி கேட்டார். அவர் எழுத்திலும் அருந்ததியரை விலக்கி வைத்த இடங்கள் உண்டு. அந்த விமர்சனம் சரியானது, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் திசை தெளிவு. பழைய பெருமையைத் தோண்டியெடுப்பது இந்துச் சாதி அமைப்பை விட்டு வெளியேறுவதற்காகவா, அல்லது அதற்குள்ளேயே நல்ல நாற்காலி கேட்பதற்காகவா? பட்டியலை விட்டு வெளியேறுவது வேறு, சாதியை விட்டு வெளியேறுவது வேறு. முதலாவதைச் செய்ய பா.ஜ.க. கை கொடுக்கும். இரண்டாவதைப் பேசினால் கை கொடுக்குமா?

மருத்துவர் என்பதால் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2017-இல் அரியலூர் மாவட்டத்துத் தலித் மாணவி அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1176 மதிப்பெண் எடுத்தும் நீட்டால் மருத்துவராக முடியாமல் உயிரை விட்டார். தமிழ்நாடே கொதித்தபோது நீட்டை ஆதரித்து நின்றவர்களில் கிருஷ்ணசாமியும் ஒருவர். பள்ளிப் படிப்பை வைத்து மருத்துவக் கல்லூரிக்குள் போக முடிந்த காலத்தில் வெள்ளை அங்கி போட்ட தலைமுறை, பின்னால் வரும் குடிசைப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கட்டணத்தைக் காட்டிக் கதவைச் சாத்துவதை எப்படி நியாயப்படுத்தும்?

மாமாவுக்குச் சொல்ல வேண்டியது

2024-இல் மாஞ்சோலையில் பாம்பே பர்மா கம்பெனி, குத்தகைக் காலம் முடிவதற்கு முன்பே, விருப்ப ஓய்வு என்று பெயர் சொல்லித் தொழிலாளர்களை மலையிலிருந்து இறக்கத் தொடங்கியது. நான்கு தலைமுறை உழைத்தவர்களுக்கு அங்கே சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லை. அப்போது அந்த மக்களுக்காக உயர் நீதிமன்றம் போனவர்களில் கிருஷ்ணசாமியும் உண்டு. அதில் அவர் சரி. அந்த இடத்தில் அவரோடு நிற்க எனக்குத் தயக்கமே இல்லை. 1999-இல் விட்ட இடம் அதுதான். நிலம், கூலி, வீடு.

அந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கச் சொல்லித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் ஊரில் செய்ய வேண்டிய வேலை ஏராளம் இருக்கிறது. தோப்பு ஓரத்தில் ஒரு தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா இல்லை. நார் மில்லில் பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி. எஸ்டேட்டிலிருந்து ஓய்வு பெற்று இறங்கும் குடும்பத்துக்குக் கீழே இடமில்லை. இந்த மூன்றுக்கும் எங்கள் தெருவும் அருந்ததியர் தெருவும் சேர்ந்து நின்றால்தான் தாலுகா ஆபீஸ் அசையும். வேளாளர் என்று நாம் ஒரு பக்கம் போய், உள் ஒதுக்கீட்டுக்காரர் என்று அவர்களை மறுபக்கம் தள்ளினால், தோட்டத்துக்காரருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

எழுதி முடித்ததும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியப்பா மகன் வழக்கு வந்த இடத்தில் தலையை ஆட்டினார். கிணற்றுக் கதை வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "படத்த எடுத்தறச் சொல்றயா?" என்று கேட்டார்.

இல்லை மாமா. படம் இருக்கட்டும். அது 1999-இல் மாட்டிய படம். அந்த வருசத்து டாக்டரை நாம் மறக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் மாரியம்மன் நோம்பி வருகிறது. அந்தத் தோழரையும் அவர் வீட்டுச் சனத்தையும் கூப்பிடப் போகிறேன். வாசலோடு நிறுத்திவிடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போக, நீங்கள் என்னோடு வருவீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.